கொடுக்காத சாவி

தரைத்தளத்து ஓர் அறையில் தையல் மெஷினோடு குடியிருந்த அவளைக் கட்டடத்தில் யாரும் தையல்காரி என்று சொன்னதில்லை. சாவியக்கா என்றால்தான் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார்கள். எது எந்த வீடு என்று அவள் எழுதி வைத்ததில்லை. அந்தந்த வீட்டுத் துணியைத் தைக்கும்போது மிஞ்சியதில் ஒரு நாடா கிழித்து, சாவியில் கட்டி, ஆணிப் பலகையில் மாட்டிவிடுவாள். சீருடைத் துண்டு மூன்றாவது மாடி நர்ஸ். பூப்போட்ட திரைச்சீலை நர்ஸுக்கு எதிர்வீட்டு வாத்தியார்.

சாவியோடு வேலையும் வரும். கேஸ்காரருக்குக் கதவு திறந்துவிட வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பள்ளி விட்டு வரும் நர்ஸ் மகளுக்குப் பால் காய்ச்ச வேண்டும். ஒரு பைசா வாங்கமாட்டாள்.

"ஊருக்கெல்லாம் உழைச்சு என்னத்தைக் கண்ட?" என்று தங்கை போனில் திட்டுவாள்.

"அவர் போனதுக்கப்புறம் காலையில எழுந்திருக்க ஒரு காரணம் வேணாமாடி?"

பொய்யில்லை. புருஷன் செத்தபோது சுருண்டு படுத்தவளை எழுப்பி உட்கார வைத்தது மருந்தா என்ன? கதவைத் தட்டிய ஜனங்கள்தான்.

பிறகு வீட்டுக்காரர் எல்லாக் கதவுக்கும் எண் பூட்டு போட்டார். பழைய சாவிகளை அவரே வந்து ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனார். அவள் அறைக்கு மட்டும் பழைய பூட்டே போதும் என்றுவிட்டார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லக்கா," என்றாள் நர்ஸ், நல்ல மனசோடு. தொந்தரவு போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. சாவி கைமாறிய அந்த நேரத்தில்தான் எல்லாக் கதையும் நடந்திருக்கிறது. இப்போது அவரவர் எண்ணை அழுத்திவிட்டு உள்ளே போனார்கள். சாவியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை, தையலும் ஓடவில்லை.

ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பை அசைக்க முடியவில்லை. படியில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆள் சொல்லிவிடுவாள். வாத்தியாரைக் கூப்பிட்டாள், நர்ஸைக் கூப்பிட்டாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம். சாயங்காலம் தவழ்ந்து போய்த் தானே கதவைத் திறந்துகொண்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊர்ச் சாவியெல்லாம் தன் கையில் இருந்த காலத்திலும் தன் சாவி ஒருத்தரிடமும் இருந்ததில்லை. என்ன பைத்தியக்காரத்தனம்! கொடுத்தே பழகியவளுக்கு ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

இடுப்பு கொஞ்சம் தேறியதும் புருஷனின் சட்டையில் ஒரு நாடா கிழித்துத் தன் மாற்றுச் சாவியில் கட்டினாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறினாள்.

"இதை நீ வச்சுக்கம்மா. எப்பவாச்சும் என் சத்தமே இல்லன்னா ஒரு தடவை திறந்து பாரு."

நர்ஸ் சாவியைப் பார்த்தாள், வாங்கவில்லை. "எனக்கு மாத்தி மாத்தி டூட்டிக்கா. நாளைக்கு ஏதாச்சும் காணாம போச்சுன்னா வீண் மனஸ்தாபம். வாத்தியார்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

வாத்தியார், வீட்டுக்காரரிடம் கொடுப்பதுதான் முறை என்றார். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டியாவது ஆறுதல் அடைந்திருக்கலாம்.

சாவியைக் காலிப் பலகையில் மாட்டினாள். அன்றிலிருந்து கதவு பூட்டிக்கொள்ளாதபடி இடுக்கில் ஒரு நூல்கண்டைச் செருகி வைத்தாள். திருடன் வந்தாலும் வரட்டும், யாராவது வந்தால் சரி.

மறுபடி விழுந்தது கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில். இந்தத் தடவை குரலே எழும்பவில்லை. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. நர்ஸின் செருப்புச் சத்தம் படியிறங்கி வந்து, வாசலில் நின்றது. சாவியக்கா கண்ணை மூடி மூச்சு விட்டாள்.

"கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறாங்களே, காலம் கெட்டுக் கிடக்கு," என்று நர்ஸ் மகளிடம் சொல்வது கேட்டது. அக்கறையாகக் குனிந்து நூல்கண்டை உள்ளே உருட்டிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.