எட்டு நாள் கணக்கும் ஐயாசாமியின் கையும்

6-6-1994: 4
7-6-1994: 11
8-6-1994: 3
9-6-1994: 12
10-6-1994: 5
11-6-1994: 12
13-6-1994: 4
14-6-1994: 13
மொத்தம்: 64

நாளுக்கு ஐம்பது பம்பு உறை வார்த்ததில், காற்றுத்துளை விழுந்து கழிந்தவை இவை. எட்டு நாளும் அச்சு மண்ணை இடித்தவர் ஐயாசாமி.

சென்னிமலைப் பக்கத்துக்காரர். 1963இல் கோயம்புத்தூர் வந்து எங்கள் பவுண்டரியில் மண் அச்சு செய்யும் மோல்டராகச் சேர்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி ஒற்றை அறை. முப்பது ஆண்டுகள் மதியச் சாப்பாட்டை இன்னொரு மோல்டரான ஈஸ்வரமூர்த்தியோடு சாப்பிட்டார். அவருக்கு மனிதத் துணை அவ்வளவுதான்.

கழிவு கூடியதற்குக் காரணம் தேடியே அந்தச் சோதனை. அச்சு மண்ணின் ஈரம், களிமண், அதற்குக் கொடுக்கும் இடி மூன்றையும் குறைத்தும் கூட்டியும் பார்த்தால் எட்டுச் சேர்க்கை வரும். சோதனைக்கூடப் பதிவேடு என் பொறுப்பு. என் தாளில் ஈரம் நாள்தோறும் மாறும். இடி முதல் நான்கு நாள் ஐந்து முறை, அடுத்த நான்கு நாள் பத்து முறை.

கணக்கிட்டுத் தர வந்த கணினி மையத்து சுரேந்தர் எட்டு எண்களை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"ஈரம், இடியெல்லாம் நாம அடிக்க வேண்டாமுங்க. சாப்ட்வேரே வரிசையாப் போட்டுக்கும்."

போட்டுக்கொண்டது. ஆனால் அதன் வழக்கத்தில் கடைசியில் எழுதிய இடிதான் வரிக்கு வரி மாறும். ஈரம் கூடிய நாள்களையெல்லாம் இடி கூடிய நாள்களாக அது எடுத்துக்கொண்டதால், ஈரம் செய்த கெடுதல் இடியின் பேரில் ஏறியது. அச்சிட்டு வந்த தாளைக் கூட்டிப் பார்த்தேன், 64 வந்தது. கையெழுத்திட்டேன். எந்த எண் எந்தப் பெயரின்கீழ்ப் போனாலும் மொத்தம் மாறாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

பலமாக இடிப்பதே காரணம் என்றது அறிக்கை. ஐயாசாமியைப் பழைய இரும்பு உடைக்க அனுப்பினார்கள்.

"ஏனுங்கண்ணா, நீங்க தொட்டா பூசணிக்காயும் ஓட்டை உழுந்துருமாமா?" என்று சிரித்தார்கள் மற்றவர்கள்.

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. "உன்னால எங்க எல்லாத்து பேரும் கெட்டுப்போச்சு," என்று சொல்லிச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேறிடம் போய் உட்கார்ந்தார். நான்கு மாதம் தனியே சாப்பிட்ட ஐயாசாமி, சத்தியமங்கலத்தில் வாழைக்காய்க் கிடங்கு ஒன்றுக்குக் காவலாகப் போய்விட்டார்.

நான் ஓய்வு பெற்றபின், 3-3-1996 அன்று வீட்டிலிருந்த பழைய தாள்களை அடுக்கும்போது அச்சுத்தாளின் இரண்டாம் வரியில் 'இடி: பத்து' என்றிருந்தது. அந்த இரண்டாம் நாள் அவர் ஐந்தோடு நிறுத்தியதை அருகில் நின்று எண்ணியவன் நான். மறுநாளே சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன்.

"உங்க கையில தப்பில்லீங்க ஐயாசாமி. நான் சரிபாக்காம கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரண்டு வருசமா நானும் என்ற கைத் தப்புதான்னே நெனச்சுப்போட்டனுங்க."

"கம்பெனிக்கு எழுதறனுங்க. வேலையத் திருப்பிக் கேக்கட்டுங்களா?"

"வேலை வேண்டாமுங்க. தப்பு என்னுதில்லைன்னு போர்டுல ஒட்டச் சொல்லுங்க. ஈஸ்வரமூர்த்தி படிச்சாப் போதும், என்னையத் தேடி வருவாப்ல."

மூன்று முறை எழுதினேன். 19-8-1996 அன்று திருத்தத்தை ஒட்டினார்கள். ஈஸ்வரமூர்த்தி நின்று படித்ததாக வாயிற்காவலர் சொன்னார். அதையும் ஐயாசாமிக்கு எழுதினேன்.

அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "ரண்டு மாசம் பாத்தனுங்க. அவரு வர்லீங்க. நீங்களும் இனி எழுத வேண்டாமுங்க."

அது என் கைக்கு வந்த நாள் 21-10-1996.