அம்மாவின் காலடி மண்

இந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் இருமிக்கொண்டிருக்கிறார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் பக்கத்து வீட்டில் ஒரு தும்மல் கேட்டால் போதும், எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பேன், சோப்புப் போட்டுக் கை கழுவுவேன், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட கையை மறுபடியும் கழுவுவேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தப் பயம் எனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதைக்கு ஒரு சந்து தள்ளி எங்கள் வீடு. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பௌர்ணமி வந்தால் அவரை வீட்டில் பார்க்கவே முடியாது. அந்தப் பௌர்ணமிக்கு அப்பாவின் தங்கை, என் சின்னத்தை, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு ஏழாவது மாசம். மலையைச் சுற்ற முடியாது, சுற்றுகிறவர்களையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். நான் அவள் வயிற்றில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, உள்ளே இருப்பது உதைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் கடித்த முறுக்கை அவள் தின்றாள், அவள் மிச்சம் வைத்த பாலை நான் குடித்தேன்.

காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதே எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. அப்பாவுக்கு எந்தக் காய்ச்சலானாலும் ஊசி போட்டாக வேண்டும். ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை மட்டும் கொடுத்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஒரு ஊசி போட்டு விட்டுடுங்களேன் சிஸ்டர்" என்றார்.

"இது ஃப்ளூ காய்ச்சல்ங்க. வைரஸு. ஊசிக்கெல்லாம் பயந்து ஓடாது" என்றாள் நர்ஸ். "மாத்திரை குடுங்க. கஞ்சியும் தண்ணியும் ஜாஸ்தி குடுங்க. நல்லா தூங்க விடுங்க. மூச்சு வாங்கினா மட்டும் ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க." பிறகு அம்மாவைப் பார்த்து, "வீட்ல மாசமா இருக்கறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது. "நாத்தனாரு. நேத்து வந்து, இன்னைக்குக் காலையிலதான் போனாங்க."

"அவங்களுக்கு வந்தா நமக்கு வர்ற மாதிரி இல்லம்மா. சட்டுனு நெஞ்சுல எறங்கிடும். கஷாயம் குடிச்சிட்டு வீட்ல உக்காரக் கூடாது, அன்னைக்கே கூட்டிட்டு வரணும். அதுக்குனு மாத்திரை இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சாதான் கேக்கும்."

"காய்ச்சல் தெரியறதுக்கு முந்தின நாளே ஒட்டிக்குமா சிஸ்டர்?"

"ஒட்டிக்கும்மா."

வீடு வந்ததும் அம்மா என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தாள். அப்பாவைக் கூப்பிட்டு, "பாப்பாக்குக் காய்ச்சல்னு உங்க வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. காய்ச்சல் வருவது அவ்வளவு வெட்கக்கேடா?

அதிலிருந்து காலை, மாலை என்று சின்னத்தைக்கு அம்மா போன் போட்டபடி இருந்தாள். "ஒடம்பு சுடுதாம்மா? இருமல் கிருமல் இருக்கா? கொஞ்சம் சுட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." எதற்கு இப்படிக் கேட்கிறாய் என்று அவள் கேட்டால், "மழைக்காலமாச்சே, அதான்" என்பாள்.

அந்த வாரமே கீழ்பென்னாத்தூரில் சின்னத்தைக்கு வளைகாப்பு. எங்கள் வழக்கத்தில் அண்ணன் பெண்டாட்டிதான் கன்னத்தில் சந்தனம் பூசி முதல் வளையல் போட வேண்டும். அதற்குள் எனக்குக் காய்ச்சல் இறங்கி, அம்மாவுக்கு ஏறியிருந்தது. வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அதே ஊரில் இருந்த அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"சளி புடிச்சவங்கல்லாம் வீட்ல உக்காந்துட்டா ஊர்ல ஒரு விசேஷம் நடக்குமா? ஒரு மாத்திரையப் போட்டுக்கினு வந்து நில்லு!"

"முடியல அண்ணி. மன்னிச்சுக்கோங்க."

"முடியலயா, மனசு வரலயா? உனக்கு ரெண்டாவது தங்கலன்னா அதுக்கு அவ என்னம்மா பண்ணுவா?"

அம்மா போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எது தங்கவில்லை, எங்கே தங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா மட்டும் தட்டு வரிசையோடு போனார். "எட்ட நின்னு குடுத்துட்டு வந்துடுங்க" என்று அம்மா அவரையும் அதட்டித்தான் அனுப்பினாள்.

வளைகாப்புக்கு மறுநாள் சின்னத்தை போனை எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் பெரியத்தையே வந்து இறங்கினாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். முருங்கைக்கீரைக்கு வந்தேன் என்றாள். கீழ்பென்னாத்தூரில் இல்லாத முருங்கையா? மழை விட்டிருந்த நேரம், வாசலெல்லாம் ஈர மண். பெரியத்தை மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு படியில் நின்றாள்.

"சின்னவளுக்கு என்ன அண்ணி?"

பெரியத்தை நிமிர்ந்தாள். "நேத்துலேந்து காய்ச்சல். இன்னைக்கு மூச்சு வாங்குது. போதுமா? தெனம் போன் போட்டு, சுடுதா சுடுதான்னு கேட்டியே, சுட்டுடுச்சு!"

கண் பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால், கண் வைத்தவர் என்று நினைக்கிறவரின் காலடி மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். அந்தக் கவர் அதற்குத்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்றாள் அம்மா.

"சுத்திப் போடாம வாசப்படி தாண்டக் கூடாதுனு அவ மாமியார் சொல்லிட்டாங்க."

அம்மா சண்டை போடுவாள் என்று பயந்து, வாசலில் நின்றிருந்த நான் ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சண்டை போடவில்லை. உள்ளே திரும்பி, "ஏங்க, வண்டிய எடுங்க!" என்று கத்தினாள். பெரியத்தையிடம், "மண்ணுதான வேணும்? நானே தரேன், எடுத்துக்கோங்க அண்ணி. அவ வீட்டு வாசல்லயே சுத்திப் போடுங்க. வண்டி ஓடிக்கினே நிக்கட்டும். சுத்தின கையோட அவள ஏத்திக்கினு நேரா டவுன் பெரிய ஆஸ்பத்திரி. மாசமா இருக்கா, காய்ச்சல், மூச்சு வாங்குதுனு மொதல்லயே சொல்லிடணும். இதுக்கு ஒத்துக்கினாதான் மண்ணு" என்றாள்.

பெரியத்தை அசந்துபோய் நின்றாள். கண் வைத்தவள் தானே வந்து மண் தருவதை அவள் எங்கே கண்டாள்! தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா ஈர மண்ணில் இறங்கி வலது காலை அழுத்தி ஊன்றினாள். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்த அந்தத் தடத்தைப் பெரியத்தை வழித்துக் கவரில் போட்டுக்கொண்டாள். அவளை ஏற்றிக்கொண்டு அப்பாவின் ஆட்டோ கிளம்பிப் போனது.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது அடிக்கவே இல்லை. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டாள். பொழுது சாய்ந்த பிறகு அப்பாதான் கூப்பிட்டார். மூச்சுக்குக் குழாய் வைத்து, மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்களாம். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

சின்னத்தை பிழைத்துக்கொண்டாள். தை மாசத்தில் பையன் பிறந்தான். மண் கருகின உடனே காய்ச்சல் இறங்கியது என்று பெரியத்தை இன்றைக்கும் சொல்கிறாள். பேர் வைக்கிற அன்று அம்மா கிட்டே போனதும் யாரோ குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினார்கள். அம்மா அதைப் பார்க்காத மாதிரி பந்தி பரிமாறப் போய்விட்டாள்.

அந்தக் காய்ச்சல் என்னிடமிருந்து போனதா, பௌர்ணமிக் கூட்டத்திலிருந்தா, வளைகாப்பில் வரிசையாகக் கன்னம் தடவிய கைகளில் ஒன்றிலிருந்தா, யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் ஒரு நாள், "நீ நெஜமாவே கண்ணு வெச்சியாம்மா?" என்று கேட்டேன். "ஆமா போ" என்று சிரித்துவிட்டாள்.

அன்றைக்குத் தன் காலடி மண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் அம்மா ஒன்று செய்தாள். புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை இரண்டு கையாலும் தூக்கி, படியின் மேல் நிறுத்தினாள். நான் ஓடிவந்த தடம் சின்னதாக ஈரத்தில் பதிந்திருந்தது. அதைக் காலால் தேய்த்து அழித்தாள். அதற்குப் பிறகுதான் தன் காலை ஊன்றினாள்.

என் காலில் சேறு ஒட்டக் கூடாதே என்று தூக்கினாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.