ஃபியூஸ் போன முகூர்த்தம்

விளக்கு கூடக்கூட முகம் அழகாகும் என்றுதான், ஸ்ரீரங்கத்தில் ஸ்டூடியோ திறந்த புதிதில் நம்பியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக மண்ணச்சநல்லூரிலிருந்து ஒருவர் தன் பெண்ணை அழைத்து வந்தார். இருந்த நாலு விளக்கையும் போட்டேன். ஃபியூஸ் போயிற்று.

“ராகுகாலம் வந்துடுமுங்க, சீக்கிரம் எடுங்க!” என்றார்.

வேர்த்த வேர்வையில் பவுடர் எனக்குத்தான் தேவைப்பட்டது. ஜன்னலைத் திறந்து அதனருகே அவளை உட்காரவைத்தேன். மறுபக்கக் கன்னம் இருண்டிருந்தது. அவர் தோள் துண்டை அவரையே அங்கே விரித்துப் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் வெள்ளைத் துண்டில் பட்டுத் திரும்பி, நிழலை மெல்லக் கரைத்தது.

“நான் என்ன துணி காயப்போடவா வந்தேன்?” என்றார். அவள் உதட்டோரம் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

அந்தச் சம்பந்தம் அமைந்தது. பிறகு இளையவளுடன் வந்தவர் வாசலிலேயே சொன்னார்: “லைட்டப் போட்டுடாதீங்க. துண்டு கொண்டாந்திருக்கேன்.”