மாமா ஊற்றிய பால்

எங்கள் மாமா சாமி கும்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அவர் புற்றுக்குப் பால் ஊற்றியதைப் பார்த்தபோது எனக்கு அப்படியொரு ஆச்சரியம்.

சங்கராபுரம் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு வீடு கட்ட அஸ்திவாரக் குழி தோண்டியிருந்தோம். மனையின் மூலையில் என் உயரத்துக்கு ஒரு புற்று. ஊர்ப் பெண்களுக்கு அது அம்மன். அம்மாவின் தம்பியான மாமாவுக்கோ அது வெறும் கரையான் கூடு. உளுந்தூர்பேட்டையில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கிருந்து ஒரு கேன் கரையான் மருந்தோடு வந்து இறங்கினார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சித்தாளாகப் போன இடத்தில், அந்த மருந்து அடித்த அன்று தன்னோடு வேலை செய்த பெண் மயங்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள். குழியில் சுண்ணாம்பும் வேப்பம்புண்ணாக்கும் போடலாம், சுவருக்குக் கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு குழைத்துப் பூசலாம், கதவு நிலைக்கு வேப்பெண்ணெய் தடவலாம் என்றாள். எல்லாம் வேறொரு வேலையில் அவளே சுமந்து கொடுத்தவைதான்.

"புள்ளைங்க படுத்துப் பொரள்ற தரைடா."

"கரையான் உன் புண்ணாக்கப் பாத்து பயந்து ஓடிடுமாக்கா?" என்று மாமா சிரித்தார்.

அப்பா வழக்கம்போல இருவருக்கும் தலையாட்டினார். கேன், மனையில் போட்டிருந்த கொட்டகையின் மூலைக்குப் போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மாமா கொட்டகையிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கி வந்து, புற்றின் வாய்களில் ஊற்றினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கடைசியில் மாமாவும் வழிக்கு வந்துவிட்டார் என்று நான் மகிழ்ந்துபோனேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. பெண்கள் பாலும் முட்டையுமாகப் புற்றைச் சூழ்ந்து நின்றார்கள். புற்று மண்ணை நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை நாக்கிலும் வைப்பது எங்கள் வழக்கம். தம்பிக்கு இருமல் விடாமல் இருந்ததால் முதல் மண் அவனுக்கு. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நெற்றியில் இட்டாள். அடுத்து அவன் வாயருகே விரலைக் கொண்டுபோனாள். மாமாவின் பக்தியை நாலு பேருக்குத் தெரியப்படுத்த எனக்கு அதுதான் நேரமாகப் பட்டது.

"யம்மா, மாமா நேத்தே ஒரு கொடம் பால் ஊத்திட்டாரு."

அம்மாவின் கை அப்படியே நின்றது. விரலை முகர்ந்தாள்.

"எங்கேர்ந்துடி எடுத்துனு வந்தாரு?"

"கொட்டாயிலேர்ந்து."

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் இரண்டு மூன்று பேர் மண்ணை எடுத்துவிட்டார்கள். தண்ணீரில் கலந்தால் அந்தக் கரையான் மருந்து பால்போல வெளுத்துவிடும். அம்மன் வாயில் விஷம் ஊற்றியவன் இவன்தான் என்று தெரிந்தால், அந்தக் கூட்டம் அவரைச் சும்மா விட்டிருக்காது.

அம்மா தம்பியை என் கையில் திணித்தாள். கொண்டையை அவிழ்த்தாள். உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"மண்ண கீழ போடுங்கடி. ஒருத்தி நாக்குலயும் படக் கூடாது. நான் கோவமா கீறேன்."

அம்மாவுக்கு அதுவரை சாமி வந்ததில்லை. பெண்கள் பதறி மண்ணை உதறினார்கள். எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், பிள்ளைகளின் நெற்றியையும் கழுவ வேண்டும், புற்றைச் சுற்றி முள் போட வேண்டும், இனி யாரும் அதைத் தொடக் கூடாது என்று சாமி அடுக்கிக்கொண்டே போனது. பிறகு மாமாவை நோக்கிக் கை நீட்டியது.

"எனக்கு வெசம் ஆவாது. நீ மலையேறிக் கடுக்கா கொண்டாந்து இந்த வூட்டப் பூசுடா."

சாமியே இல்லை என்ற மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அன்றைக்கே கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறி, வெள்ளிமலையிலிருந்து ஒரு மூட்டை கடுக்காயோடு திரும்பினார். வீடு அம்மா சொன்னபடியே எழுந்தது. அந்த ஆண்டு முழுக்க அம்மாவின் பேச்சுக்கு மாமா மறுபேச்சுப் பேசவில்லை. சோப்பும் கடுக்காயும் அம்மனுக்கு எப்படித் தெரிந்தன என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. சாமி வந்தவள் என்று, வெகுநாள் அம்மாவின் பக்கத்தில் படுக்கவே எனக்குப் பயம். எல்லாரும் போன பிறகும், தம்பியின் நெற்றியைத் திரும்பத் திரும்பக் கழுவியபோதும், அவள் உடம்பு ஆடிக்கொண்டுதான் இருந்தது. அம்மன் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் தள்ளியே நின்றேன்.