மலைக்கு ரெண்டு பாஷையும் தெரியாது

நான் முன்பே சொன்னேன். என் அக்கா மகள் செவ்வந்தி நடிகை ஆவாள் என்றேன், ஆனாள். ஊருக்காகக் கத்துவாள் என்றேன், தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஷூட்டிங் போன இடத்தில்தான் அவள் மூச்சு நிற்கும் என்றும் சொன்னேன், வாயைக் கழுவச் சொன்னார்கள். அதுவும் நடந்துவிட்டது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும், அவ்வளவுதான்.

செய்தி வந்தபோது மறையூரிலிருந்து எஸ்டேட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். மடியில் அவளுக்குப் பிடித்த உருண்டை வெல்லம். போனில் பேசியவர் அவளுடைய கார் டிரைவர், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். சீரியல் ஷூட்டிங் அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க, செவ்வந்தி அம்மாவோட மாமாங்களா?”

“ஆமா, சொல்லுங்க.”

“வேலை முடிஞ்சு வண்டியில ஏறி உக்காந்து ஏதோ ஒண்ணு கேட்டாங்க. அப்புறம் பேசவே இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுங்க.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. வெல்லம் மடியிலிருந்து விழுந்து சீட்டுகளுக்கு அடியில் உருண்டு போனது. நான் குனிந்து எடுக்கவில்லை. மழைக்காலத்தில் எது உருண்டாலும் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து மலைச்சரிவைத்தான் பார்ப்பார்கள்.

கீழ் லயத்தில், தேயிலைத் தொழிலாளிகளின் அந்த வரிசை வீடுகளில் பிறந்தவள் அவள். பிறந்த அன்றே, “இது அழுறதே வசனம் பேசுற மாதிரி இருக்கு” என்று சொன்னவன் நான். கோயில் திருவிழா நாடகத்தில் பிணமாகப் படுப்பதற்கு மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்தவனும் நானே. அவள் படுத்த படுப்பைப் பார்த்து எஸ்டேட் டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார். நாடி பிடித்து உதட்டைப் பிதுக்கினார் என்றுகூடச் சொல்வேன். பிறகு சீரியல்களில் எத்தனையோ தடவை செத்தாள். ஒவ்வொரு தடவையும் போன் செய்து, “எப்படி மாமா செத்தேன்?” என்று கேட்பாள். “மூச்சு தெரியுது, இன்னும் அடக்கணும்” என்பேன். இப்போது அதை நினைத்தால் நாக்கு கசக்கிறது.

சம்பாதித்ததில் அவள் முதலில் வாங்கியது ஒரு ஜீப், பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆட்களை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போக. அடுத்து எதிர்மேட்டில் ஒரு வீடு கட்டினாள். மழைக்காலம் முழுக்க அதில் பாயும் கஞ்சியும் யாருக்கும் உண்டு. சாராயத்துக்கு எதிராக அகளிச் சந்தையில் நாடகம் போட்டபோது மேடையில் கல் விழுந்தது. நெற்றியில் கட்டோடு வந்தவள், “கல்லு விழுந்துச்சுன்னா நாடகம் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம் மாமா” என்றாள். அவள் கல் என்றாள். பாறை என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

இந்த மழைக்காலத்தில் கீழ் லயத்தின் நிலைமை மோசமானது. மேலே சரிவில் விரிசல் விழுந்தது. சில்வர் ஓக் மரங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்தன. ஊற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. கடைசி வீட்டுப் பாண்டியம்மாளின் கதவு, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் சாத்திக்கொண்டது. கதவு ஊறிவிட்டது என்றாள் அவள். வெயில் அடித்த நாளிலும் அது அப்படியேதான் நின்றது.

வில்லேஜ் ஆபீஸ் ஜீப் வந்து மைக்கில், “எல்லாவரும் மாறி தாமசிக்கணும்” என்றது. வேறு இடத்தில் போய்க் குடியிருங்கள் என்று மலையாளத்தில் அர்த்தம். பாண்டியம்மாள் வாசலில் நின்று சிரித்தாள்.

“கேட்டீகளா? தாமசிக்கச் சொல்லுறாக. தாமசமாவே போவோம். என்ன அவசரம்?”

லயமே சிரித்தது. அர்த்தம் தெரியாமல் இல்லை. ரூமை விட்டு இறங்கினால் எஸ்டேட் திரும்பக் கொடுக்காது என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு வார்த்தை கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வந்தி மட்டும் சிரிக்கவில்லை. “சித்தி, அவுக தாமசிக்கச் சொன்னது வேற, நீங்க தாமசிக்கிறது வேற. மலைக்கு ரெண்டு பாஷையும் தெரியாது” என்றாள்.

“ஏண்டி, சீரியல்ல மருமகளை விரட்டுனது பத்தாதா, எங்களையும் விரட்ட வந்துட்டே?” என்றாள் பாண்டியம்மாள். மறுபடியும் சிரிப்பு. திரும்பி நடந்த செவ்வந்தியின் முகத்தை நான் பார்த்தேன். எந்தச் சீரியலிலும் அந்த முகம் வந்ததில்லை.

அவளை அடக்கம் செய்த அன்று நல்ல மழை. எல்லோரும் எதிர்மேட்டு வீட்டில் கூடியிருந்தார்கள். மழை விட்டால் கீழ் லயத்துக்காரர்கள் தங்கள் வீடுகளுக்கே திரும்ப இறங்கிவிடுவார்கள். நான் எழுந்து பேசினேன். கடைசியாக அவள் எனக்குத்தான் போன் செய்தாள் என்றேன். “மாமா, நான் திரும்பி வாரப்போ கீழ் லயத்துல ஒரு விளக்கும் எரியக் கூடாது. பாண்டியம்மா சித்தி கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துரு” என்று சொன்னதாகச் சொன்னேன். பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மழை விட்டதும் போய்ச் சாமான்களையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு மேடேறினாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். என் பேச்சை இந்த எஸ்டேட் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

மலை இன்னும் சரிந்து இறங்கவில்லை. அதுதான் இப்போது தொந்தரவு. “ஒண்ணும் ஆகலையேண்ணே, திரும்பிப் போயிரலாமா?” என்று பாண்டியம்மாள் கேட்கிறாள். அவளே இன்னொரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அண்ணே, அவ நெசமாவே என் பேரைச் சொன்னாளா?” என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கேட்ட கேள்விக்குக் கதை சொல்லாமல் நான் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

ஆகவே இதை எழுதுகிறேன். போன் வரவில்லை. அந்தப் பேச்சு முழுக்க நான் கட்டியது. வண்டியில் ஏறியதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள் என்று டிரைவர் பிறகு சொன்னார்: “மலையில மழையா?” அவருக்குத் தெரியவில்லை. பதில் கிடைக்காமலே போய்விட்டாள். அந்தக் கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதில் என் சரக்கு எதையும் சேர்க்க மனம் வரவில்லை.

பாண்டியம்மா, உன் பேரை அவள் சொல்லவில்லை. ஆனால் நேற்று உன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவு இப்போது தள்ளினாலும் சாத்திக்கொள்ளவில்லை. வாசல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே என் கை முழுசாக உள்ளே போகிறது. இதை நான் கட்டிச் சொல்லவில்லை.

மலையில் மழைதான், செவ்வந்தி. விடவே இல்லை.