மூன்று ராஸ்பெர்ரிக் கன்றுகள்

என் தங்கை கொடைக்கானலில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்தாள். அங்குள்ள பள்ளியில் கணக்கு டீச்சர். மடத்தின் பின்பக்கம் அவளே வளர்த்த ராஸ்பெர்ரிப் புதர் ஒன்று உண்டு. ஒரு மே மாதம் நான் அங்கே போயிருந்தபோது, அதன் வேரிலிருந்து முளைத்திருந்த மூன்று பக்கக் கன்றுகளை மண்ணோடு தோண்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். அவள் வயிற்றில் கட்டி இருப்பதாக டாக்டர் சொல்லி அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி ஒரே வரியில் சொன்னாள். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. கன்றுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன்.

நெய்வேலிக்குக் கொண்டுவந்து சேர்த்த அன்றே என் கணவர் சொல்லிவிட்டார், குளிரில் வளர்ந்த செடி இந்த வெயிலுக்குத் தாங்காது என்று. அவருக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட். வெயிலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸின் பின்னால் கொய்யா நிழலில் ஒன்றை நட்டேன், இரண்டைத் தொட்டியில் வைத்தேன். நனைத்த சாக்கை மறைப்பாகக் கட்டினேன். அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து இலைமேல் படிகிற சாம்பலைக் காலையில் ஈரத்துணியால் துடைத்தேன்.

முதல் கன்று அழுகிப் போனது. தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன். இரண்டாவது பத்தே நாளில் கருகியது. மூன்றாவது மட்டும் முழ நீளத்துக்கு ஒரு தண்டு விட்டது. அதன் நுனியை வளைத்து மண்ணில் புதைத்துக் கல்லை வைத்தால் அங்கேயும் வேர் பிடிக்கும், ஒன்று இரண்டாகும் என்று தங்கை போனில் சொன்னாள். அப்படியே செய்தேன். ஒரு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் நுனி கறுத்திருந்தது. தாய்த்தண்டிலும் உயிர் இல்லை.

அந்த வாரம் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் போன் வந்தது. வேர் விட்டதா என்று கேட்டாள். விட்டுவிட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் குரல் அன்று களைத்திருந்தது. அது ஒரு காரணம்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய் தேவைப்பட்டது. ஐந்து இலை வந்திருக்கிறது என்றேன். மொட்டு தெரிகிறது என்றேன். அவள் ஆபரேஷனைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ பேச ஆரம்பிப்பாள். நான் உடனே செடிக்குத் தாவிவிடுவேன். சில நேரம் அவள் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

டிசம்பரில், பாண்டிச்சேரியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்குவதாகச் சொன்னாள். செடி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று கணவரிடம் கேட்டேன். ஆடு தின்றுவிட்டது என்று சொல்லிவிடு என்றார் கணவர். எங்கள் பிளாக்கில் ஆடு திரிவது உண்மைதான் என்பதால் அதையே சொல்வதாக முடிவு செய்தேன்.

வேனிலிருந்து இறங்கியவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பின்பக்கம் போனாள். இரண்டு காலித் தொட்டிகள், காய்ந்த சாக்கு. ஆடு வந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டது என்றேன்.

அவள் தொட்டிக்குள் விரலை விட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தாள்.

"இதுல எதுவும் வளந்து பல மாசம் ஆவுதுக்கா."

அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

"செடி செத்தா சாவட்டும். அதுக்கு நான் கோவிச்சிக்கல. வாராவாரம் போன் பண்ணனே, எனக்கு வலிக்குதுன்னு உன்கிட்ட ஒரு தடவ சொல்ல வுட்டியா?"

"நீ சந்தோஷமா இருக்கணும்னுதான்" என்றேன்.

"இல்ல. உனக்குப் பயம். கேட்டா தாங்க மாட்டேன்னு பயம்."

அது உண்மை. எங்கள் அம்மாவும் வயிற்று நோயில்தான் போனாள். தங்கை அப்போது சின்னப் பெண். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அந்த இரண்டு நாளும் அவள் பேசினாள். வலி எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று, ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை என்று, மடத்தில் எல்லோரும் அவளைத் தைரியசாலி என்று சொல்வது எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று. குறுக்கே எதுவும் சொல்லாமல் இருப்பதற்கு நான் மிகவும் கஷ்டப்பட்டேன். ஒருமுறை எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன். உட்காருக்கா என்றாள். உட்கார்ந்தேன்.

பாண்டிச்சேரியில் மூன்று மாதம் அவளுடன் இருந்தேன். அங்கேயே, ஈஸ்டருக்கு முன் இறந்துபோனாள். கடைசி வரை கூட இருந்த அக்கா என்று அடக்கத்துக்கு வந்த சிஸ்டர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை.