என்னால் தூக்க முடியாத மாதங்களில் என் மகள்

முதலில் மரத்துப்போனது உள்ளங்கால். தரையில் நடந்தால் பஞ்சின் மேல் நடப்பதுபோல இருந்தது. பிரசவமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. கால் மரப்பதற்குச் சில நாட்கள் முன்பு வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்திருந்தேன். அந்தச் சோர்வு இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விரல்களும் மரத்தன. மாலையில் என் மகள் இனியா அழுதாள். தூக்கக் குனிந்தேன். கைகள் அவள் அக்குளுக்கடியில் போயின, அதற்குமேல் அவை என் சொல்லைக் கேட்கவில்லை. முழங்கால் மடிந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் முரளி ஓடி வந்தார்.

“இன்னா ஆச்சு? எழுந்து நில்லு.”

“கால் இருக்கற மாதிரியே தெர்லங்க.”

நாங்கள் சுங்குவார்சத்திரத்தில், கம்பெனி வேலைக்காரர்கள் நிறைந்த ஒரு சந்தில் குடியிருக்கிறோம். நானும் பிரசவ விடுப்பு எடுக்கும்வரை எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றவள். உள்ளூர் மருத்துவர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. உடனே சென்னைக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸ் செம்பரம்பாக்கம் தாண்டும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டேன். வாயில் ஊற்றியது தொண்டைக்குள் இறங்கவில்லை.

நோயின் பெயர் கில்லன் பாரே (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்). தொற்று ஒன்று வந்து போன பிறகு சிலருக்கு இப்படி ஆகும் என்றார் நரம்பியல் மருத்துவர். இம்யூனோகுளோபுலின் (இரத்த தானத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். ஆனாலும் மூச்சுத் தசைகள் தளர்ந்ததால் வென்டிலேட்டரில் (செயற்கை மூச்சுக் கருவி) வைத்தார்கள்.

“பெரும்பாலும் எல்லாம் திரும்பி வந்துடும்மா. வேகமா வரும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க” என்றார் அவர்.

இதே நோயோடு படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் காது கேட்கும். அசைய முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு மார்பில் பால் கட்டி உயிர் போகிற வலி. சொல்ல முடியாது, வாயில் குழாய். உடை நனைந்திருப்பதைப் பார்த்து ஒரு செவிலியர்தான் புரிந்துகொண்டார். பாலைப் பிழிந்து எடுத்துவிட்டு என் நெற்றியைத் துடைத்தார். அன்றுதான் நான் அழுதேன்.

அந்த மாதங்களில் இனியா மூன்று பேரிடம் வளர்ந்தாள். இரவில், பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்ட அப்பா. மாலையில் கேன்டீன் வேலை முடிந்து வரும் தேவி அண்ணி, என் கணவரின் அக்கா. பகல் முழுக்க எதிர்வீட்டு சுமித்ரா. ஜார்க்கண்டிலிருந்து வெல்டர் கணவரோடு வந்தவள். அவளுடைய மகள் அங்கே அவள் அக்காவிடம் வளர்கிறாள். சுமித்ரா இனியாவை ஒரு நீளத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டே சமைப்பாள், துவைப்பாள், கடைக்குப் போவாள்.

சக்கர நாற்காலியில் வீடு திரும்பிய அன்று, இனியாவை என் மடியில் வைத்தார்கள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. திரும்பி சுமித்ராவை நோக்கிக் கைநீட்டினாள். அவள் முதுகுக்குப் போனதும் கன்னத்தைச் சாய்த்து உடனே அமைதியானாள்.

உடம்பு செயலிழந்தபோதுகூட நான் அவ்வளவு தளரவில்லை.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். முதல் வருடத்தில் தாயை விட்டுப் பிரிந்த குழந்தை வாழ்நாள் முழுக்க யாரிடமும் ஒட்டாது என்று ஒரு பெண் உறுதியாகச் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அண்ணிக்கு ஒரு வழி தோன்றியது.

“தோ பாரு, அவகிட்டயே வுட்டுகினு இருந்தா உன்ன எப்டி தெரியும் அதுக்கு? கொஞ்ச நாள் அவள வர வேணாம்னு சொல்லிடலாம். அழுதா அழட்டும், பழகிக்கும்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. சுமித்ராவிடம் சொல்வதற்கு முன் தடுப்பூசி நாள் வந்தது. குழந்தை மருத்துவரிடம் அண்ணி, சுமித்ரா, நான், இனியா நால்வரும் போனோம். இனியா செவிலியரிடம்கூட சிரித்துக்கொண்டே போனாள். யாரிடம் வேண்டுமானாலும் போகிறாள், என்னிடம் மட்டும் வரமாட்டேன் என்கிறாள், பாசமே இல்லாமல் வளர்ந்துவிடுவாளா என்று மருத்துவரிடம் கேட்டேன்.

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“சில நாட்டுல குழந்தையைத் தனி ரூம்ல படுக்க வைப்பாங்க. அம்மா வெளிய போனா அது பாட்டுக்கு விளையாடும். சில இடத்துல கீழேயே இறக்க மாட்டாங்க. அந்தக் குழந்தை ஒரு நிமிஷம் அம்மாவைக் காணோம்னா அலறும். இன்னும் சில இடத்துல அத்தை, சித்தி, பக்கத்து வீடுன்னு எல்லாரும் தூக்குவாங்க. அது பல பேர்கிட்ட போகும். எல்லாமே பாசமான குழந்தைங்கதான். அதைக் காட்டுற விதம்தான் வேற. சரி, தூக்கம் வந்தா, அடிபட்டா இவ யாரைத் தேடுறா?”

“சுமித்ராவை.”

“அப்போ இவளுக்கு நம்பத் தெரிஞ்சிருக்கு. இதுக்குப் பேர் பிணைப்பு (தன்னைப் பார்த்துக்கொள்பவரிடம் குழந்தை கொள்ளும் பாதுகாப்பு உணர்வு). ஒருத்தர்கிட்ட வந்தது உங்ககிட்டயும் வரும். இப்போ சுமித்ராவை எடுத்துட்டீங்கன்னா ரெண்டாவது தடவையா ஒரு அம்மாவை இழப்பா. யாரையும் கழிக்காதீங்க. நீங்களும் சேர்ந்துக்கங்க.”

ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் அண்ணி சுமித்ராவிடம், “நாளிக்கு கொஞ்சம் சீக்கிரம் வந்துடு” என்றார்.

சேர்ந்துகொள்வது எப்படி? என் கைகள் தோளுக்கு மேல் எழாது. குழந்தையைப் பிடித்தால் நழுவும். சுமித்ராதான் தன் துணியை எடுத்து வந்தாள்.

“கை வேணாம் அக்கா. துணி பிடிக்கும்.”

சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, இனியாவை என் மார்போடு சேர்த்துக் கட்டினாள். குழந்தை கத்தினாள். சுமித்ரா என்னை ஒட்டி உட்கார்ந்து, வழக்கமாக முணுமுணுக்கும் தன் ஊர்ப் பாட்டை முணுமுணுத்தாள். இனியா தேம்பித் தேம்பி ஓய்ந்தாள். பிறகு தலை கனத்து என் கழுத்தடியில் விழுந்தது. மார்புத் தோலில் எனக்கு உணர்ச்சி நன்றாகவே இருந்தது. அவள் மூச்சின் சூடு முழுவதும் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் தினமும் கட்டிக்கொண்டோம். பிசியோதெரபிஸ்ட் (இயன்முறை மருத்துவர்) முதலில் தயங்கினார், பிறகு அதையே பயிற்சியாக்கினார். குழந்தையைக் கட்டிக்கொண்டு முதுகை நிமிர்த்து, பக்கத்தில் ஆள் இருக்க எழு, சுவரைப் பிடித்து நில். அவள் வளர்ந்துகொண்டே போனாள். பாரம் கூடக்கூட எனக்கும் பலம் கூடியது.

ஒருநாள் சுமித்ராவிடம் கேட்டேன், “ஊர்ல உன் பொண்ணு உன்ன மறந்துட்டா?”

“மறக்காது அக்கா. எங்க ஊர்ல யார் கை சும்மா இருக்கோ அவங்க முதுகுல குழந்தை. என் அக்காவும் மா (அம்மா), நானும் மா.” சொல்லிவிட்டுச் சற்று நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “போன்ல பாத்தா சிரிக்கும்.”

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் இனியாவுக்கு ஒரு வயதில் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தோம். “நீ நிக்கற அன்னிக்கு போடலாம்” என்று அண்ணி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அந்த நாளும் வந்தது. என் தம்பி மடியில் உட்காரவைத்துத் தலையை நனைத்ததும் அழ ஆரம்பித்தவள், மொட்டை முடியும்வரை ஊரைக் கூட்டினாள். முடிந்ததும் அண்ணி, சுமித்ரா, நான் மூவரும் கைநீட்டினோம்.

என்னிடம் தாவினாள்.

ஒரு கை என் கழுத்தை இறுக்கியது. இன்னொரு கை எட்டி, சுமித்ராவின் முந்தானையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டது. சந்தனம் பூசிய தலை என் தாடையில் மோதியது. யார் மேலும் சாயாமல், எதையும் பிடிக்காமல், முழு பாரத்தையும் தாங்கி நின்றேன்.

“பாரேன், ரெண்டு பேரையும் வுட மாட்டேங்குது” என்று அண்ணி சிரித்தார். முரளி கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பு தேடப் போனார்.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன். லைனில் நிற்கும் வேலை இல்லை, உட்கார்ந்து பார்க்கும் பரிசோதனைப் பிரிவு. கால்விரல் நுனிகள் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது பொத்தான் போடும்போது விரல்களை ஒரு நொடி கவனிக்கிறேன்.

இழந்த மாதங்களை நினைத்து நெடுநாள் குமைந்தேன். இனி இல்லை. அவை என்னிடமிருந்து போனவை, இனியாவிடமிருந்து போகவில்லை. கைகள் மாறினாலும் அவளை யாரோ சுமந்துகொண்டேதான் இருந்தார்கள்.

கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்போது சந்து முனையில் சுமித்ரா இனியாவைக் கீழே விடுவாள். ஓடி வருவாள். நான் பையைக் கீழே வைத்து, கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை மடித்துத் தயாராக நிற்பேன். வரும் வேகத்தில் அவள் என்மேல் வந்து மோதுவாள். நான் விழமாட்டேன்.